ஞாயிறும் சுற்றிய மீற்றர்

எந்தத் திருடனுக்கும் ஓய்வு நாள் ஒன்று உண்டு. அடைமழை என்றால் வீட்டில் படுத்துக்கொள்வான். திருவிழா என்றால் குடும்பத்தோடு போய்விடுவான். இந்தத் திருடன் மட்டும் நாளொன்றுக்கு ஆறரை யூனிற் மின்சாரத்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தான். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் எடுத்தான். தைப்பொங்கலன்று ஊரே வீட்டிலிருந்தபோதும் எடுத்தான்.

"இவ்வளவு ஒழுங்கான ஆள் நம்மட ஊர்ல இல்ல அக்கா," என்றான் முகைதீன்பாவா. "வெளியூர்க்காரன்தான். எழுதி வைங்க."

மங்கையற்கரசி எதையும் எழுதவில்லை. ஓட்டோவின் பின்னிருக்கையில், நனைந்த குடையைக் காலடியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு மாத மின்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மின்சார முறைப்பாட்டுக் கவுண்டர் ஒன்றில் இருபத்தொரு வருடம் இருந்தவர். "என்ர மீற்றர் வேகமா ஓடுது" என்று வருபவரின் முகத்தைப் பார்த்தே, அந்த வீட்டில் என்ன சாமான் எத்தனை மணிக்கு ஓடுகிறதென்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின் கல்லடியில் தன் வீட்டுக் கேற்றில் 'தனியார் விசாரணை' என்று ஒரு பலகை மாட்டினார். பாவா அவருடைய உதவியாளன். காத்தான்குடிக்காரன். சொந்த ஓட்டோ, சொந்த அபிப்பிராயங்கள்.

2010ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். யுத்தம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாலத்து முனைச் சோதனைச்சாவடியின் மண்மூட்டைகளின்மேல் புல் முளைத்திருந்தது. ஓட்டோ நிற்காமலே புளியந்தீவுக்குள் நுழைந்தது.

சங்கதி இதுதான். புளியந்தீவில் இருபத்திரண்டு பொதுக் கட்டடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மின்பாவனையை ஒரு வருடத்தில் கால்வாசி குறைக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. குண்டு பல்புகளைக் கழற்றினார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். யுத்த காலத்தில் கல் வைத்து அடைத்த ஜன்னல்களைத் திறந்து, வாவிக் காற்றை உள்ளே விட்டார்கள். இருபத்தொரு கட்டடங்கள் இலக்கைத் தொட்டன. இருபத்திரண்டாவது, பிறப்பு விவாகம் பதியும் கரையோரப் பதிவகம், தொடவில்லை. மாதம் இருநூறு யூனிற் எங்கோ போய்க்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீற்றர் சுற்றியது.

மீற்றருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையில் யாரோ ஒரு வயரைக் கொளுவியிருந்தார்கள். அது ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவருக்குள் புகுந்து, பின்பக்கமாகப் போய் மறைந்தது. பின்பக்கத்தில் பதிவகத்தின் மின்னியலாளர் சுபாகரனின் வீடு இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்குத் திட்டத்தின் பொறியியலாளர் தர்சினி தன் அறிக்கையைக் கொடுப்பாள். அதில் சுபாகரனின் பெயர் இருக்கும். நாளை காலை பொலிஸ் வந்து சுவரை உடைக்கும். ஆறு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்த சுபாகரனுக்கு, அடுத்த மாதம் வரவிருந்த நிரந்தர நியமனம் வராது.

"நான் எடுக்கல்ல அக்கா," என்றான் சுபாகரன் தன் வீட்டு வாசலில்; மங்கையற்கரசியை அழைத்தவன் அவன்தான். முப்பத்தைந்து வயது. ஷேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். தூக்குமேடைக்குப் போவதானாலும் அப்படித்தான் போவான் போலிருந்தது. "அந்த வயர நான் கண்டதே இல்ல."

"ஷேர்ட்ட யார் தேய்ச்ச?"

"என்ர மனிசி."

"அந்தப் பெட்டியக் காட்டுங்க."

உள்ளேயிருந்து அவன் மனைவி தனுஷியா ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கி வந்தாள். இரும்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் சிரட்டைக்கரிச் சாம்பல்.

மங்கையற்கரசி சாம்பலில் விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு.

"பாவா, களவுக் கறண்ட் எடுக்கிறவன்ட வீட்டுல முதல் வாற சாமான் என்ன?"

"கறண்ட் ஸ்திரிக்கைப் பெட்டி. ரெண்டாவது சுடுதண்ணிக் கேத்தில். மூணாவது, பக்கத்து வீட்டுக்காரன்ட கண்."

"இவர் கறண்டக் களவெடுத்து, கரியில ஷேர்ட் தேய்க்கிறார் எண்டு நான் நம்பணுமெண்டா எனக்குக் காய்ச்சல் வரணும். வாங்க."

சுபாகரன் மூச்சு விட்டான். அன்றைக்கு அதுதான் முதல் மூச்சு.

"ஆனா தர்சினி மிஸ் நம்ப மாட்டா," என்றான்.

"நம்பத் தேவையில்ல. ஆறரை யூனிற் எங்க போகுதெண்டு காட்டினாப் போதும்."

பதிவகத்தில் பத்துப் பேர் வேலை செய்தார்கள். தர்சினி நடைபாதையின் நடுவில் ஒரு மேசையைப் போட்டு இருந்தாள். இருபத்தெட்டு வயது. ஒவ்வொரு மின்விசிறியையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவுக்குக் கட்டடத்தைத் தெரிந்து வைத்திருந்தாள்.

"எல்லா அறையும் பாத்திட்டன் அக்கா. எல்லாச் சுவிட்சும் பாத்திட்டன்," என்றாள் மங்கையற்கரசியிடம்.

"அந்த அறை?" என்று மங்கையற்கரசி கேட்டார்.

நடைபாதையின் கோடியில் ஒரு கதவு. அதில் பெரிய பூட்டு. 'கூரை இடிந்துள்ளது. உட்பிரவேசிக்க வேண்டாம்' என்று எழுதிய மட்டை, பூட்டை விடப் பழையது.

"சுனாமியில சேதமான அறை. பூட்டுத் திறப்பும் அப்பவே துலைஞ்சிட்டுதாம். ஆவணப் பொறுப்பாளர் நல்லரத்தினம் சேர் சொன்னார். அங்க கறண்டே இல்ல."

மங்கையற்கரசி கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே ஓடிய கொடியைப் பார்த்தார். அதில் ஏழு மழைக்கோட்டுகளும் மூன்று குடைகளும் ஒரு சோடிக் காலுறையும் தொங்கின. வாசலில் நீளமான கொடி ஒன்று காலியாகக் கிடந்தது.

அலுவலகப் பணியாளர் ஒருவர் எட்டாவது மழைக்கோட்டுடன் வந்தார்.

"ஏன் அண்ணன் எல்லாரும் இஞ்ச வந்து தொங்கப் போடுறீங்க?"

"இஞ்சதான் கெதியாக் காயும் மிஸ். அரை மணித்தியாலம் போதும். வாசல்ல போட்டா நாளைக்கும் ஈரம்."

"எத்தின வருசமா?"

அவர் யோசித்தார். "நான் வந்த நாளையில இருந்து இதுதான் வழக்கம்."

மூன்று நாளாக மழை விடவில்லை. சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. மங்கையற்கரசி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த காற்றோட்டத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தார். இதமான வெப்பக் காற்று கையைத் தொட்டது.

இறங்கி வந்து பாவாவின் காதில் சொன்னார்.

"பேக்கரி," என்றான் பாவா உடனே.

"மணம் இல்ல."

"அப்ப கோழிக்குஞ்சு பொரிக்கிற மிஷின்."

"குஞ்சுச் சத்தம் இல்ல."

"ஊமைக் கோழி."

"பாவா, சூடு தள்ளுற சாமான் ரெண்டு வகை. ஒண்டு சூடாக்குற சாமான். மத்தது குளிராக்குற சாமான். எது எண்டு தெரியாமக் கதவத் தட்டினா, உள்ள வெச்சிருக்கிறவர் சொல்றதத்தான் நாம நம்பணும். முதல் அதக் கண்டுபிடிப்பம்."

"கதவத் திறக்காமலா?"

"கறண்ட் போற நாளில மனிசன் எதைத் தேடி ஓடுறான் எண்டு பாத்தா, கறண்ட் இருக்கிற நாளில அவன் என்ன செய்யிறான் எண்டு தெரியும். கவுண்டர்ல நான் படிச்சது அவ்வளவுதான்."

பதிவகத்தின் கேற்றுக்கு எதிரே ஸஹீதாவின் தேநீர்க் கடை. உட்கார இரண்டு வாங்கு, ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் எண்ணெயில் பொரித்த ஆறு வாய்ப்பன். பதினைந்து வருடமாகப் பதிவகத்துக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதை அவள் தேநீர் ஆற்றியபடியே பார்த்து வந்திருக்கிறாள்.

"கறண்ட் போனா உள்ளுக்க இருக்கிற ஆக்கள் என்ன செய்வாங்க தங்கச்சி?" என்று மங்கையற்கரசி கேட்டார்.

"எல்லாரும் இஞ்ச வந்திருவாங்க. பேப்பர் வாசிப்பாங்க. கறண்ட் வந்தாலும் போக மாட்டாங்க."

"எல்லாருமா?"

ஸஹீதா தேநீரை ஆற்றுவதை நிறுத்தினாள். "நல்லரத்தினம் சேர் மட்டும் வர மாட்டார். அவர் சைக்கிள எடுத்துட்டு சந்தைப் பக்கம் பறப்பார். மறுகா சாக்குல சுத்தி ரெண்டு ஐஸ் கட்டி கொண்டு வருவார்."

"ஐஸா?"

"காய்ச்சலாம். தலையில வைக்கவாம். வருசத்துக்கு நாலஞ்சு தரம் காய்ச்சல் வரும் அவருக்கு. எல்லாம் கறண்ட் போற நாளிலதான் வரும்." அவள் தேநீரை நீட்டினாள். "ரெண்டு கட்டி எண்டா யானைக்குக் காய்ச்சல் எண்டாலும் காணும். நான் கேக்கல்ல. வயசு போன மனிசன்."

பாவா தேநீரைக் குடிக்காமல் வைத்தான்.

"அக்கா! கறண்ட் போனா ஊரெல்லாம் மெழுகுதிரி வாங்குது. இவர் ஐஸ் வாங்குறார். மீன் யாவாரம்! உள்ளுக்க மீன வெச்சிருக்கார். இல்லாட்டி ஐஸ்கிறீம். அரசாங்கக் கறண்டில ஐஸ்பழம்! நான் அப்பவே நினைச்சன், ஆள் ரொம்ப அமைதி."

"மணம் இல்லையெண்டு சொன்னனே."

"ஐஸ்கிறீம்தான்."

மணி இரண்டே கால்.

நல்லரத்தினத்துக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. மெலிந்த மனிதர். மேசையில் பேனா, மைதாங்கி, அடிமட்டம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் கிடந்தன. மங்கையற்கரசி எதிரே இருந்தார். தர்சினியும் சுபாகரனும் பின்னால் நின்றார்கள்.

"சேர், நாளைக்குக் காலமை பொலிஸ் வந்து சுவரை உடைச்சு அந்த வயர வெட்டப் போறாங்க."

"கேள்விப்பட்டன்."

"எத்தின ஐஸ் கட்டி வாங்கி வைக்கட்டும்?"

நல்லரத்தினம் அடிமட்டத்தை ஒருமுறை நேராக்கினார். அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது. பிறகு ஷேர்ட்டுக்குள் கையை விட்டு, கழுத்தில் பூணூல் போலக் கிடந்த கயிற்றை வெளியே எடுத்தார். அதன் முனையில் ஒரு திறப்பு.

"அந்தப் பொடியன்ட பேரைப் போடுவாங்கள் எண்டு நான் நினைக்கல்ல," என்றார். "இண்டைக்குக் காலமைதான் தெரியும். நாலு மணிக்கு முதல் சொல்லத்தான் இருந்தன். கதிரைய விட்டு எழும்ப ஏலாம இருந்திட்டன்."

கதவு திறந்தது. கூரை இடியவே இல்லை. அறையின் நடுவில், சவப்பெட்டி நீளத்தில், இரண்டு வெள்ளை நிற டீப் பிறீசர்கள் முனகிக்கொண்டிருந்தன. வேறு ஒன்றுமில்லை. தூசிகூட இல்லை.

பாவா முதலில் பாய்ந்து மூடியைத் தூக்கினான். வெண்புகை எழுந்தது. அதற்குள் அவன் கையை விட்டு ஒன்றைத் தூக்கினான். பொலித்தீனில் சுற்றி, கயிறு கட்டி, உறைபனி படிந்த ஒரு கட்டு. செங்கல்லைப் போலக் கனத்தது. அதில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

"'மாங்கேணி. பிறப்பு. 1961,'" என்று வாசித்தான். அடுத்ததைத் தூக்கினான். "'மாங்கேணி. விவாகம். 1974.'"

மூன்றாவதைத் தொடவில்லை. இரண்டையும் எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தான். மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினான்.

"நாப்பத்தாறு இடாப்பு, எல்லாம் பதிவுப் புத்தகம்," என்றார் நல்லரத்தினம். "கரையோரத்து ஊரெல்லாம் இருக்கு. ஒரு பிரதி சண்டையில எரிஞ்சு போச்சு. மத்தப் பிரதி இது. கடல் வந்து மூணாம் நாள் சேத்துக்குள்ள இருந்து எடுத்தன். அப்ப வெளிநாட்டில இருந்து உதவிக்கு வந்த கூட்டத்தில புத்தகத்துக்கு வைத்தியம் பாக்கிற ஒரு பொம்புள இருந்தா. 'விரிக்காதீங்க, விரிச்சா மை கரைஞ்சு போகும், விட்டா பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே உறைய வைங்க, நான் காயவைக்கிற மிஷினோட வாறன்' எண்டா. அவங்கட ஆக்களே இந்தப் பெட்டி ரெண்டையும் வெச்சு வயரும் இழுத்துத் தந்தாங்க."

"எப்ப?" என்று கேட்டாள் தர்சினி.

"2005 தை மாசம்."

சுபாகரன் கண்ணை மூடித் திறந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்தது 2005 மாசி.

"அந்தப் புத்தக வைத்தியர் வரல்லையா?" என்றாள் தர்சினி.

"திரும்பச் சண்டை துவங்கிச்சு. ரோட்டு மூடினாங்க. பதினாலு கடிதம் போட்டன். 'வாறன்' எண்டுதான் சொன்னா. 'எப்ப' எண்டு நான் கேக்க மறந்திட்டன்."

"இத மேலிடத்துக்குச் சொல்லியிருக்கலாமே சேர்!"

"சேத விபரப் படிவம் வந்திச்சு பிள்ள. அதில ரெண்டு கூடு. 'பாதுகாப்பாக உள்ளது', 'அழிந்துவிட்டது'. உறைஞ்சு போய்க் கிடக்கு எண்டு போட ஒரு கூடு இல்ல. அப்ப இருந்த பெரியவர் 'அழிந்துவிட்டது' எண்டதில அடையாளம் போட்டுக் கையெழுத்து வெச்சிட்டார். அழிஞ்ச சாமானுக்கு அறை எடுக்க ஏலாது. கறண்ட் எடுக்க ஏலாது. அதால கூரைய இடிச்சன். மட்டையிலதான்."

தர்சினி நெற்றியைத் தேய்த்தாள். மணி இரண்டு ஐம்பது. அவளுடைய கஷ்டமும் சின்னதல்ல. வயர் களவு வயர்தான். இலக்குத் தவறியது. யார் பயன்படுத்தினார் என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

"சுபாகரன், உங்கட பேரை எடுத்திடுறன்," என்றாள். "நல்லரத்தினம் சேர்ட பேரைப் போடத்தான் வேணும். எனக்கு வேற வழியில்ல. இப்ப இந்தக் கறண்ட நிப்பாட்டுங்க. நீங்களே நிப்பாட்டினீங்க எண்டு எழுதினா உங்களுக்கு நல்லது."

சுபாகரன் பியூஸ் பெட்டிக்குக் கிட்டப் போனான். கையைத் தூக்கினான். காலையிலிருந்து அவன் கேட்டதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருந்தது. கழற்றினால் பொலிஸ் இல்லை. அடுத்த மாதம் நியமனம்.

கையை இறக்கினான்.

"இல்ல மிஸ்."

"என்ன இல்ல?"

"கழட்டினா நாளைக்கு விடியக்குள்ள எல்லாம் கூழாப் போயிரும். வேணுமெண்டா என்ர பேரையே திருப்பிப் போடுங்க. நான் கழட்ட மாட்டன்."

"விசரா, பைத்தியமா உங்களுக்கு?"

"தெரியல்ல மிஸ். காலமை இருக்கல்ல."

கணவனுக்குப் பின்னாலேயே வந்த தனுஷியா வாசலில் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

மங்கையற்கரசி பட்டியல்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"தர்சினி, உங்கட திட்டம் குறைக்கச் சொல்றது கறண்டையா, குளிரையா?"

"கறண்டத்தான்."

"அப்ப கறண்ட இஞ்ச நிப்பாட்டிட்டுக் குளிர வேற இடத்தில எடுப்பம். இது மாரிகாலம். கடல் கொந்தளிக்குது, பத்து நாளா ஒரு தோணி இறங்கல்ல. வாவிக்கரையில குஞ்சித்தம்பிட ஐஸ் பக்டரியில மீன் வைக்கிற குளிரறை முக்கால்வாசி வெறுசாக் கிடக்கும். வெறுசாக் கிடந்தாலும் அந்த மிஷின் ஓடத்தான் செய்யும். ஓடுற குளிர். ஆருக்கும் பிரயோசனமில்லாம ஓடுது."

தர்சினி பையிலிருந்து கல்குலேற்றரை எடுத்தாள். இரண்டு தரம் தட்டினாள்.

"இலக்குக்கும் கீழ போகும்," என்றாள் மெல்ல. "நாப்பது யூனிற் கீழ."

"எவ்வளவு நேரத்தில கொண்டு போகலாம் பாவா?"

"ஆறு நிமிசம். பொலிஸ்காரன் மறிச்சா எட்டு."

ஸஹீதாவின் கடைக்கு மீன் கொண்டுவருபவரிடம் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டிகள் இருந்தன. எட்டுப் பெட்டி. நாற்பத்தாறு இடாப்புகளும் மூன்று தடவையாக ஓட்டோவில் போயின. ஒவ்வொரு தடவையும் நல்லரத்தினம் கூடவே போய், கூடவே வந்தார். பெட்டிகளை விட்டு இறங்க அவருக்கு மனமில்லை. பாவா அவருக்காகப் பள்ளம் பார்த்து ஓட்டினான். அவனுடைய ஓட்டோ அதுவரை அறியாத மரியாதை அது.

"சேர், ஒரு இடாப்பில எத்தின பேர்?"

"இருநூத்தம்பது."

"அப்ப பதினொராயிரத்து அஞ்சூறு பேர்." பாவா வாய்க்குள் கணக்குப் போட்டான். "ஆறு வருசமா ஆளுக்கு ஒரு நுளம்பு கடிச்சுக் குடிக்கிற அளவு கறண்டுதான் எடுத்திருக்காங்க. புளியந்தீவிலயே சிக்கனமான ஆக்கள் இவங்கதான். இத தர்சினி மிஸ்ஸுக்குச் சொல்லணும்."

ஐஸ் பக்டரி வாசலில் குஞ்சித்தம்பி சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்றார். மங்கையற்கரசி தொலைபேசியில் சொன்னபோது அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கனம் அவருக்குப் பிடித்திருந்தது.

"நல்ல சாமான் போல. என்ன மீன்?"

நல்லரத்தினம் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மீனில்ல. சனம்."

குஞ்சித்தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்த கட்டு ஒன்றின் துண்டைக் குனிந்து வாசித்தார்: 'மாங்கேணி.' அவரும் மாங்கேணிக்காரர்தான். பிறகு குளிரறைக்குள் போய், இருந்த நாலு பாரை மீனையும் தன் கையாலேயே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, மேல்தட்டைச் சுத்தமாகத் துடைத்தார்.

மூன்று ஐம்பதுக்குச் சுபாகரன் பியூஸைக் கழற்றினான். பிறீசர்களின் முனகல் ஒருமுறை தடுமாறி நின்றது. அறைக்குள் மழைச் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

தர்சினி எழுதிக்கொண்டிருந்தாள். சுவருக்குள் பழைய வயர், சுனாமி நிவாரணக் காலத்தில் இழுக்கப்பட்டது, இன்று துண்டிக்கப்பட்டது. பயன்படுத்தியவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன எழுத?"

"உண்மைய எழுதுங்க," என்றார் மங்கையற்கரசி. "கறண்டால பிரயோசனம் அடைஞ்ச ஆக்களத்தானே கேக்குது?"

தர்சினி எழுதினாள்: 'கரையோரக் கிராமவாசிகள், பதினோராயிரத்து ஐந்நூறு பேர். பெயர்ப் பட்டியல் குஞ்சித்தம்பி ஐஸ் தொழிற்சாலையில் உண்டு, காயவைத்தபின் சமர்ப்பிக்கப்படும்.'

"பொலிஸ் இத்தின பேரையும் விசாரிக்கணுமெண்டா பென்சன் எடுக்கிற வயசாகிரும்," என்றான் பாவா.

"இத மேலிடத்தில ஏற்பாங்களா மிஸ்?" சுபாகரன் கேட்டான்.

"இலக்குத் தொட்ட கட்டடத்தின்ட அறிக்கைய ஒருத்தரும் ரெண்டாம் பக்கம் வாசிக்கிறதில்ல," என்றாள் தர்சினி. தாளை அவன் பக்கம் திருப்பினாள். "துண்டித்தவர் எண்ட இடத்தில கையெழுத்து வைங்க. பதவி எண்ட இடத்தில 'தற்காலிக' எண்டு போடாதீங்க. அடுத்த மாசம் பிறகு ஆர் திருத்துற?"

சுபாகரன் பேனாவை வாங்கினான். எழுதி முடித்து, மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"பசிக்குது புள்ள," என்றான்.